கிழித்த கவுன்

மருமகள் பால்மா பெட்டியைத் திறந்தாள். அந்த வாசனை வந்ததுமே எனக்குக் குமட்டியது.

நான் சிறுமியாக இருந்தபோது, ஊரே அரிசிக்கு அலைந்த காலம் அது. ஆனால் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த இரத்தோட்டையில் எங்களுக்குச் சொந்தக் கடை இருந்தது. ஏழைப் பிள்ளைகளைப் படமெடுத்து, அந்தப் படங்களை வெளிநாட்டுக் கொடையாளர்களுக்கு அனுப்பி, மாதாமாதம் பால்மா தரப்போவதாக மாதா கோயிலில் அறிவித்தார்கள். அம்மா தன் தங்கச் சங்கிலியைக் கழற்றி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். என் கவுனின் கையைக் கத்தரிக்கோலால் வெட்டி, இழுத்துக் கிழித்தாள்.

"சாமி கேட்டா, காலையில சாப்பிடலன்னு சொல்லு."

எனக்கு முன்னால், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து வந்த ஸ்டெல்லா நின்றாள். படம் எடுக்கிறார்களே என்று இரவல் வாங்கிய வெள்ளைக் கவுன் போட்டிருந்தாள். வெளியூரிலிருந்து வந்திருந்த சாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வசதியான வீட்டுப் பிள்ளை" என்று ஒதுக்கிவிட்டு, என்னைப் படமெடுத்தார்.

"எல்லாம் மாதாவோட கிருபை" என்றாள் அம்மா, கூசாமல். அடுத்த ஞாயிறே அந்தச் சங்கிலி பூசையில் முன்வரிசையில் மின்னியது. தூ!

அன்று வெளியே வந்ததும் ஸ்டெல்லா என் தோளைத் தொட்டாள். "ஒங்க கவுன் கிழிஞ்சிருச்சே. வீட்டுக்கு வாங்க, எங்கம்மா தைச்சுக் குடுப்பாங்க."

நான் போகவில்லை. ஒரு வருஷம் அந்தப் பாலைக் குடித்தேன்.

"மாமி, பால் டீயா?" என்றாள் மருமகள்.

"பிளேன் டீ போதும்மா."

அந்தப் பால் ருசியாகத்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் குமட்டுகிறது.