கல்யாணத்துக்குப் பழகிய அடக்கப் பாட்டு

அடுத்த மாதம் அண்ணன் கல்யாணம். கோவளம் சர்ச்சில் நானும் பாட ஆசைப்பட்டு, பாடகர் குழுவை நடத்தும் அக்காவிடம் போனேன்.

"புதுசா பாடுறவ, மெதுவா இஸ்து இஸ்துப் பாடுற ஈஸி பாட்டா எட்த்துக்கம்மா" என்றார்.

அப்படி எனக்குக் கிடைத்தது செத்தவர்களைப் புதைக்கும்போது பாடும் ஓர் அடக்க ஆராதனைப் பாட்டு. மூன்று வாரம் வீட்டில் பழகினேன்.

இன்று காலை பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டி, "உங்க வூட்ல யாருக்கும்மா சீரியஸா கீது?" என்றார்.

சாயங்காலம் அக்காவிடம் பாடிக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லா பாடுற. நாளைக்கு ஒரு அடக்கம் கீது, வந்துடு."

"அப்ப அண்ணன் கல்யாணத்துக்கு, அக்கா?"

"அன்னிக்கு நீ பந்தியப் பாத்துக்க."

பெட்டிக்குள் படுத்திருக்கும் காது கேட்காதவர்களுக்கு மட்டும்தான் என்னைப் பாட விடுவார்களாம். யாருக்காவது தேவைப்பட்டால் கமெண்டில் சொல்லுங்கள்.