ஜெராக்ஸ் அக்காவும் சதுர வயிற்றுக்காரியும்

ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கியதும் ஜெராக்ஸ் அக்கா நின்றுவிடுவாள். குனிந்து பார்க்க மாட்டாள். காதை மட்டும் கொடுப்பாள். உள்ளே காற்று மோட்டார் குமிழ் விடும் சத்தம் கேட்டால்தான் மீதி ஷட்டர் மேலே போகும். அப்போதும் கண்ணை மூடிக்கொண்டே நான்கு அடி நடந்து, மேசையைத் தடவிப் பிடித்த பிறகுதான் மீன்தொட்டியைப் பார்ப்பாள். "மொத்தமா பார்க்கக் கூடாது. ஒண்ணொண்ணா பார்க்கணும். இல்லன்னா நெஞ்சு தாங்காது" என்பாள்.

கடை முதல் மாடியில். இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் படிக்கட்டில் காத்திருக்க வேண்டிய அளவு. ஒரு மூலையில் நகலெடுக்கும் இயந்திரம், எதிர்மூலையில் தொட்டி. அதில் கப்பி மீன்கள். முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனும் சாதி. காத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு விரல் சும்மா இருக்காது. "தட்டாதீங்க சார்! உங்க வீட்டுக் கதவை யானை வந்து தட்டினா எப்படி இருக்கும்?"

அவளுடைய பயங்களுக்கு அளவில்லை. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் முழுக்க வாளியில் ஆறவைக்காமல் ஊற்றமாட்டாள். வடிகட்டியின் வாய் குஞ்சுகளை உறிஞ்சிவிடும் என்று அதற்குப் பஞ்சு கட்டியிருக்கிறாள். அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் முடிந்து பிழிந்து ஊட்டுவாள். கூடினால் தண்ணீர் கெட்டுவிடுமோ, குறைந்தால் குஞ்சு செத்துவிடுமோ என்று இரண்டுக்கும் பயந்தபடியே பிழிவாள். "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப நீ இப்படிப் பார்க்கலையே" என்று கணவர் குறைப்பட்டால், "நீங்க வாயைத் திறந்து சொல்லிடுவீங்க. இது சொல்லுமா?" என்பாள்.

பயம் சும்மா வரவில்லை. நான்கு மாதத்துக்கு முன் கட்டடத்தில் பூச்சிமருந்து அடித்தார்கள். தொட்டியைக் கண்ணாடியால் நன்றாக மூடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலை அத்தனை மீனும் வயிறு மேலாக மிதந்தன. மூடியை நினைத்தவள் மோட்டாரை நினைக்கவில்லை. அது வெளியே இருந்த நஞ்சுக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள்ளே ஊதிக்கொண்டே இருந்திருக்கிறது. "நானேதான் ஊத்திக் கொடுத்தேன்" என்று இன்றும் சொல்வாள். அந்த வம்சத்தில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதற்கு முந்தின வாரம் தெருவுக்கு எதிர்ப்பக்கக் கடைத் தையல்காரருக்கு ஒரு சீசாவில் போட்டுக் கொடுத்திருந்த ஒற்றைக் குஞ்சு. அவரும் மறுபேச்சில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். புதிதாக வாங்கிய மீன்களோடு அது வளர்ந்து, இப்போது தலைச்சூலில் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்த மீன் இரை எடுக்கவில்லை. மூலையில் ஒதுங்கி வேகமாகச் செவுளடித்தது. வாலுக்கு முன்னே இருக்கும் கரும்புள்ளி பரந்து, வயிறு பெட்டி போல ஆகியிருந்தது. "வயிறு சதுரமாயிடுச்சு. இன்னைக்குத்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துக் கட்டட மேலாளர் வந்து நின்றார். பின்னால், முதுகில் மருந்துக் கலனோடு ஓர் ஆள்.

"நாளைக்குன்னுதானே சார் சொன்னீங்க?"

"நாளைக்கு இவருக்கு வேற எடத்துல வேலையாம். பத்து நிமிஷத்துல காலி பண்ணுங்க."

"பிரசவ நேரம் சார். சாயந்திரமா வச்சுக்கலாமே?"

"யாருக்கு?" என்று பதறிக் கேட்டவர், அவள் கை காட்டிய திசையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "பொரிச்சாப் பல்லிடுக்குக்குக் காணாது. இதுக்கா இந்தப் பாடு? எடுத்து வைங்கம்மா."

அவள் முதலில் மோட்டாரைப் பிடுங்கினாள். தொட்டியை மூடி, அதன்மேல் ஈரத் துணியும் பிளாஸ்டிக் தாளும் போர்த்தினாள். மற்ற மீன்கள் காற்றில்லாமல் சில மணி நேரம் தாங்கும். சூலி தாங்காது. ஆனால் இடம் மாற்றினால் அதிர்ச்சியில் கரு கலையலாம், தாயே போகலாம். வைத்தாலும் பயம், எடுத்தாலும் பயம். வலையைத் தொடாமல், குவளையைச் சாய்த்துத் தண்ணீரோடு அதை வாளிக்குள் இறக்கினாள்.

லிஃப்ட் குலுங்கும் என்று படியில் இறங்கினாள். பக்கவாட்டாக, ஒரு படிக்கு ஒரு மூச்சு. தெருவைக் கடக்கும்போது ஒரு லாரி ஹாரன் அடித்தது. மீனுக்கு முன்னால் அவள் துள்ளினாள். தையல்காரர் வெளியே ஓடிவந்து, கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தினார்.

துணி வெட்டும் மேசைக்கு அடியில், நிழலில் வாளியை வைத்தாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முதல் குஞ்சு சுருண்டபடி விழுந்து, அடி தொட்டு, நிமிர்ந்து, ஊசிபோல் மேலே பாய்ந்தது. தாய் திரும்பியது. ஒரே கவ்வல்.

"ஐயோ, பாசி எடுத்து வரலியே! ஒளிய எடமில்லாம தின்னுடும் அண்ணே!"

"பெத்ததையேவா?"

"அதுக்குத் தெரியாது அண்ணே. அசையறதெல்லாம் இரைதான்."

"தாயை வெளிய எடுத்துடலாமா தங்கச்சி?"

"வயித்துல இன்னும் கெடக்கே!"

தையல்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். குழந்தைக் கவுனுக்கு வைத்திருந்த வலைத்துணியை இழுத்தார். "இதோட கண்ணு வழியா குஞ்சு நுழையும், தாய் நுழையாது. கம்பி வளையத்துல பை மாதிரி தைச்சுத் தரேன். தாயை அதுக்குள்ள விட்டுடுங்க. அதுவரைக்கும் எப்படியாவது சமாளிங்க."

இரண்டாவது குஞ்சு விழுந்தது. மூன்றாவதும். தாய் மறுபடி திரும்பியது. இயந்திர மை படிந்த கையை அவள் பார்த்தாள். கழுவ நேரமில்லை. அந்த மையே தாயைக் கொன்றுவிடுமோ என்று பயந்தாள். புடவையில் அழுத்தித் துடைத்துவிட்டு, வாளிக்குள் இறக்கி, விரல்களை அகட்டிச் சுவராக நிறுத்தினாள். தாய் மோதியது, விலகியது, மறுபடி மோதியது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். தோள் மரத்தது. மேலே தொட்டியில் என்ன ஆயிற்றோ என்று வேறு மனம் அடித்துக்கொண்டது. மற்ற மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது மதியத்துக்குப் பிறகுதான் அவளுக்குத் தெரியப்போகிறது.

தையல்காரர் வாழ்க்கையிலேயே முதல்முறையாகச் சொன்ன நேரத்துக்குள் ஒரு தையலை முடித்தார். பையைத் தண்ணீரில் தொங்கவிட்டு, குவளையால் தாயை அதற்குள் விட்டார். அடுத்த குஞ்சு வலைக்கண் வழியே நழுவி வெளியே வந்தது.

"அவ்வளவுதான். இனி பயமில்ல. கையை எடுங்க தங்கச்சி."

அவள் எடுக்கவில்லை. குனிந்து, மூக்கு நீரில் படுமளவுக்கு உற்றுப் பார்த்தாள். மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில், கண் மட்டுமே தெரிகிற மூன்று குஞ்சுகள் ஒண்டியிருந்தன. மூச்சை அடக்கிக்கொண்டு, இடது கையை மட்டும் மெல்ல உயர்த்தி, அவரைச் சத்தமில்லாமல் உட்காரும்படி சைகை காட்டினாள்.