பீச்சிக் கொடுத்த பால்

ஆஸ்பத்திரி விறாந்தையில் குறைமாதத்தில் பிறந்த என் மகளைத் துவாயில் சுற்றிக் கையில் தந்தார்கள். துவாயின் பாரம் மட்டும்தான் தெரிந்தது.

சண்டையால் முரசுமோட்டையிலிருந்து இடம்பெயர்ந்து உடையார்கட்டில் கொட்டில் போட்டிருந்த காலம் அது. இன்கியூபேட்டர் (குறைமாதப் பிள்ளையைச் சூட்டில் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி) இருந்தது. மின்சாரம் இல்லை.

"இனி உங்கட நெஞ்சுதான் பெட்டி," என்றா டொக்டர் அம்மா. "தோலோட தோல் படுற மாதிரி வைச்சிருங்கோ. பிள்ளைக்கு இன்னும் உறிஞ்சத் தெரியாது. தாய்ப்பாலைப் பீச்சிக் கரண்டியால பருக்குங்கோ. நித்திரை எண்டாலும் எழுப்பிப் பருக்குங்கோ."

"ஓம்," என்றேன். வெட்கத்தில் வேறொன்றும் கேட்கவில்லை.

கொட்டிலில் மனைவி பால் பீச்ச மறுத்துவிட்டாள். எங்கள் முதல் பிள்ளை பிறந்த கையோடு இறந்தது. அப்போது கட்டிய பாலை அவள் கிண்ணத்தில் பீச்சி, கால் படாத இடமாகப் பார்த்துப் பூவரச மரத்தடியில் ஊற்றினாள். எங்கள் பக்கத்தில் பிள்ளை செத்த தாய்தான் அப்படிச் செய்வாள்.

"உயிரோட இருக்கிற பிள்ளைக்கு அந்த வேலை செய்யமாட்டன்," என்றாள்.

அவளுடைய அக்காவும் அவள் பக்கம்தான். "சீனித்தண்ணியைப் பஞ்சில தோய்ச்சு வாயில வையுங்கோ. நித்திரையைக் குழப்பாதேங்கோ. நித்திரையிலதான் வளரும்."

சீனித்தண்ணி வைத்தோம். மகள் நித்திரை கொண்டாள். அழாத நல்ல பிள்ளை என்றார்கள். நான் அவளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

"என்னண்ணை, அடை வைச்சிருக்கிறியளோ? எப்ப குஞ்சு பொரிக்கும்?" என்று பக்கத்துக் கொட்டில்காரர் கேட்டார். சிரித்திருப்பேன்.

ஒரு மத்தியானம் மகளின் உச்சிக்குழி உள்ளே இறங்கியிருந்தது. பாதத்தைச் சுண்டினேன். காலை இழுக்கவில்லை. நானும் மனைவியும் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

நீரிழப்பு (உடம்பில் தண்ணீர் வற்றுதல்) என்று சொல்லிச் சேலைன் ஏற்றினார்கள். "இது நித்திரையில்லை ஐயா. அழப் பலமில்லை. ஏன் பால் குடுக்கேல்லை?" என்று டொக்டர் அம்மா கேட்டா.

மனைவி நிலத்தைப் பார்த்தாள். நான்தான் அந்த மரத்தடியைப் பற்றிச் சொன்னேன். டொக்டர் அம்மா ஏசவில்லை. பிள்ளை கண் திறந்த பிறகு மனைவியின் பக்கத்தில் வந்து இருந்தா.

"அப்ப கிண்ணம் வேண்டாம் பிள்ளை. ஊத்துறதுக்கு ஒண்டும் இருக்காது. நேரா அவளின்ர வாயில துளி துளியா விடுங்கோ. விழுங்கின பிறகு அடுத்த துளி."

நான் மகளை ஏந்திப் பிடித்தேன். மனைவி பீச்சினாள். முதல் துளி கன்னத்தில் வழிந்தது. அடுத்தது நாக்கில் விழுந்தது. தொண்டை மெல்ல அசைந்தது.

"விழுங்கிறாள், பாருங்கோ," என்றாள் மனைவி.

பார்த்தேன். சந்தோசம் வரவில்லை. கைகள் விறைத்திருந்தன. சில நாட்களில் மனைவி கரண்டிக்கும் சம்மதித்தாள்.

உங்கள் வீட்டில் இப்படியொரு பிள்ளை இருந்தால், அது அழாமல் கிடப்பதை நம்பாதீர்கள். மனதில் உள்ள பயத்தை, வெட்கமானாலும், டொக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். எனக்குப் பொழுது இன்னும் ஒரு பால் பருக்கலிலிருந்து அடுத்த பருக்கல் வரைக்கும்தான். வயலில் குனியும்போது ஒரு கை தானாக நெஞ்சுக்குப் போகிறது, அவள் விழுந்துவிடாமல் பிடிக்க. சட்டைக்குள் வியர்வைதான் இருக்கிறது. என்றாலும் கையை உடனே எடுக்க முடிவதில்லை.