பழவேற்காட்டுக்கு அப்பால் ஒரு கறுப்புக் கோடு

அஷ்ரஃபுன்னிசா பூந்தமல்லியில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தாள். கணவர் முஜீப் மௌத்தாகி ஆறு வருடம் ஆகிறது. மகள் உஸ்மா கல்யாணமாகி ஷார்ஜா போய்விட்டாள். வெள்ளிக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள்.

வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில். செயற்கைக்கோள் எடுத்த கடல் படங்களில் எண்ணெய் மிதக்கும் இடத்தைக் குறித்துக் கொடுக்க வேண்டும். எண்ணெய் படர்ந்தால் சிற்றலை அடங்கி, அந்த இடம் படத்தில் கறுப்பாக விழும். காற்று வீசாத இடமும் கறுப்பாகத்தான் விழும். எது எது என்று கம்ப்யூட்டர் முதலில் சொல்லும். அதைச் சரிபார்ப்பது அவள். அறையில் எட்டு நாற்காலி. மற்ற ஏழு பேரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள். அவளுக்கு வீட்டில் உட்காரப் பிடிக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலைப் படத்தில், பழவேற்காட்டுக்குக் கிழக்கே மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. 'காற்றில்லாத நீர்' என்றது கம்ப்யூட்டர். அவள் பெரிதாக்கிப் பார்த்தாள். கோட்டின் நுனியில் வெள்ளைப் புள்ளி, கப்பல். அன்று அங்கே நல்ல காற்று வேறு.

பெங்களூரில் இருந்த மேலாளர் ராகவனுக்கு போன் போட்டாள்.

"கம்ப்யூட்டர் இல்லைங்குது மேடம். போன தடவை கோஸ்ட் கார்டு விமானம் வீணா போய்ட்டு வந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"அது பாசி சார், நான்தான் தப்பு பண்ணேன். இது ஸ்கேல் வச்சுப் போட்டாப்ல நேரா இருக்கு. என் பேர் போட்டே அனுப்புங்க."

ராகவன் அதைக் கடலோரக் காவல்படைக்கு அனுப்பினார். நாலு மணிக்கு இரண்டு வரியில் செய்தி வந்தது: கப்பல் கழிவெண்ணெயைக் கடலில் விட்டதை விமானம் நேரில் பார்த்துவிட்டது, சுத்தம் செய்ய படகுகள் போகின்றன, மீனவர்களுக்கு எச்சரிக்கை கொடுத்தாயிற்று.

சட்டென்று எழுந்து நின்றாள். யாரிடம் சொல்வது? உஸ்மாவைக் கூப்பிட்டாள்.

"மீட்டிங்ல இருக்கேம்மா. வெள்ளிக்கிழமை பேசறேன்."

சாயங்காலம் கேட்டில் வாட்ச்மேன் வேம்புலி கேட்டார்: "இன்னாம்மா, மூஞ்சி ஒரு மாரியா கீது?"

அவள் மளமளவென்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பீடியைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டார்.

"அம்பத்தூர்ல குந்திகினு கடல்ல கீற எண்ணெய புட்ச்சிட்டியா! நீ கடலுக்குப் போவியாம்மா?"

"அவர் இருந்தப்போ போனது, அண்ணே."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. கேட்டைத் திறக்கப் போனவர், லாரிக்காரனோடு பேச்சில் நின்றுவிட்டார். அவள் சற்று நேரம் காத்திருந்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

மறுநாள் படத்தில் கோடு இரண்டு துண்டாகிச் சிறுத்திருந்தது. அதைக் குறித்து அனுப்பினாள். வியாழக்கிழமை அந்த இடத்தில் கறுப்பே இல்லை. 'எண்ணெய் இல்லை' என்று எழுதி, கீழே பெயரைப் போட்டு ராகவனுக்கு அனுப்பினாள். பதில் எதுவும் வரவில்லை. அடுத்த படத்தைத் திறந்தாள்.