குழந்தையின் குரலுக்குப் பின் வந்த பாடல்

போரினால் மின்சாரம் நின்றுபோன இரண்டாம் ஆண்டில், கோப்பாயில் எங்கள் வீட்டு வளவின் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்புறம் அமர்ந்து, நாங்கள் மூவர் ஓர் ஆங்கிலப் பாடலைத் திரும்பத் திரும்பக் கேட்டோம். அந்தப் பாடல் என் மச்சானை அழைக்கிறதா, தடுக்கிறதா என்பதே எங்களுக்கு இடையிலிருந்த வினா. பிறருக்கு இது வேலையற்றவர்களின் பொழுதுபோக்காகத் தோன்றியிருக்கும். ஆனால் அந்த வினாவுக்கு எந்த விடை கிடைக்கிறதோ அதன்படியே அவன் கிளாலி நீரேரியைக் கடக்கப்போகிறான், அல்லது கடக்காமல் இருக்கப்போகிறான் என்பதை நாங்கள் அறிந்திருந்தோம்.

மச்சான் என்று நான் குறிப்பிடுவது என் மனைவியின் தம்பியை. கூட்டுறவுச் சங்கக் கடையில் எழுதுவினைஞனாக இருந்தான். அவன் மனைவி தலைப்பிள்ளையைச் சுமந்திருந்தபோது உடல்நிலை மோசமாகி, கொழும்பிலிருந்த தன் தமையன் வீட்டுக்குப் போனாள். அவள் போனபின் சண்டையால் தரைப்பாதை அடைபட்டது. அங்கேயே பெண்பிள்ளை பிறந்தது. தகப்பன் அதன் முகத்தைக் கண்டதில்லை. குடாநாட்டை விட்டு வெளியேற மிஞ்சியிருந்த வழி கிளாலி ஒன்றுதான். பொழுதுபட்டபின் விளக்கில்லாத படகுகளில் சனங்கள் அக்கரைக்குப் போனார்கள். பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்தார்கள். சேராதவர்களைப் பற்றி மறுநாள் சந்தையில் குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள்.

அவ்வாறு அக்கரையிலிருந்து வந்த, எங்களுக்குத் தெரிந்த ஓர் அம்மா, சேலைக்குள் சுற்றிய ஓர் ஒலிநாடாக் கசற்றை மச்சானிடம் கொடுத்தார்.

"உம்மடை பெஞ்சாதி தந்துவிட்டவ, தம்பி. பிள்ளை கதைக்குதாம்."

வேறு செய்தி இல்லை. கடிதங்கள் வழியில் பிரிக்கப்படுகின்றன என்ற பேச்சு உலவிய காலம் அது. ஆகவே அவள் எழுதும் கடிதங்களில் பிள்ளையின் நலத்துக்கு அப்பால் ஒரு சொல்லும் இருப்பதில்லை. வா என்றும் எழுதமாட்டாள், வராதே என்றும் எழுதமாட்டாள்.

கசற்றில் முதலில் பிள்ளையின் மழலை. யாரோ விரலைச் சொடுக்கிச் சிரிப்புக் காட்டுகிறார்கள், வளையல்கள் உரசுகின்றன. தாயின் குரல் எந்த இடத்திலும் இல்லை. பிறகு சடக்கென்று ஓர் ஓசை, சிறிது வெறுமை, அதன்பின் ஒரு கிற்றார். ஓர் ஆண்குரல் ஆங்கிலத்தில் பாடத் தொடங்கியது.

அந்தக் குரலைக் கேட்டதும் மச்சான் எழுந்து நின்றுவிட்டான். அவனும் அவளும் மணமுடிக்குமுன் அந்தப் பாடகனின் இசைக்குழு பாடிய பாடல்களைப் பித்துப் பிடித்தவர்கள்போல் கேட்டவர்கள். மானிப்பாயில் அக்காலத்தில் ரெக்கோடிங் பார் ஒன்று இருந்தது. வெற்றுக் கசற்றை வாங்கிக்கொடுத்து, எந்தெந்தப் பாடல் வேண்டும் என்று சொன்னால், மாலைக்குள் பதிந்து தருவார்கள். வீட்டாருக்குத் தெரியாமல் கடிதம் எழுத அஞ்சிய அவ்விருவரும், தாம் சொல்ல விரும்பியதைப் பாடல்களாகப் பதிவித்துக் கைமாற்றினார்கள். கோபத்துக்கு ஒரு பாடல், சமாதானத்துக்கு ஒரு பாடல். அப்படிப் பழகியவனிடம், பிள்ளையின் குரலுக்குப் பின்னால் இதுவரை கேட்டிராத ஒரு பாடல் வந்து சேர்ந்தால், அவன் அதை வெறும் பாடல் என்று எப்படி எண்ணுவான்?

பற்றறிகளைக் குடாநாட்டுக்குள் கொண்டுவரத் தடை. எனவே எங்கள் ஊரார் செய்ததுபோலவே நாங்களும் சைக்கிளைத் தாங்கியில் நிறுத்தி, பின்சில்லைச் சுழற்றி, டைனமோவிலிருந்து கம்பி இழுத்து ரேப் றெக்கோடரை இயக்கினோம். ஒருவர் மிதிக்க இருவர் கேட்பது முறை. மிதிப்பவரின் கால் சோர்ந்தால் பாட்டும் சோரும். விரைந்து மிதித்தால் கருவி எரிந்துபோகும் என்ற அச்சமும் இருந்தது, ஏனெனில் எரிந்ததைத் திருத்துவதற்கு ஒரு துண்டு உதிரிப்பாகமும் கிடையாது.

சரியான வேகம் எதுவென்று தீர்மானித்தவர் எங்கள் மூன்றாமவர். பக்கத்து வளவில் குடியிருந்த அவர், ரியூட்டரி என்ற தனியார் வகுப்பில் பௌதிகம் படிப்பித்தவர். அவரை மாஸ்டர் என்றே அழைப்போம்.

"அண்ணை, பிள்ளையின்ரை சத்தத்தைக் கவனியுங்கோ. அது பிள்ளை மாதிரிக் கேட்டால் வேகம் சரி. கிழவன் முனகிற மாதிரிக் கேட்டால் கெதியா மிதிக்கோணும்."

அது நியாயமாகவே பட்டது. பிள்ளையின் குரல் காதுக்கு இதமாக வரும்வரை மிதித்து, அந்த வேகத்தைக் காலில் பிடித்துக்கொண்டு பாடலைக் கேட்டோம். அந்தப் பிள்ளையின் குரலை எங்களில் எவரும் ஒருநாளும் நேரில் கேட்டதில்லை என்பது அப்போது எவருடைய சிந்தையிலும் எழவில்லை.

எட்டாம் வகுப்போடு கலப்பை பிடித்தவன் நான். ஆங்கிலத்தை அகராதியிலிருந்தும் வானொலியிலிருந்தும் தேடிக்கொண்டேன். ஆகையால் சொற்களைப் பிரித்தறியும் பணி என்னிடம் வந்தது. சொற்கள் கடினமானவை அல்ல. ஒருவன் ஆற்றங்கரையில் நிற்கிறான். மறுகரையில் ஒரு விளக்கு எரிகிறது. நீர் கறுத்திருக்கிறது. விளக்கைத் தாழ்த்திப் பிடி என்று அவன் மறுகரையிலிருப்பவளிடம் சொல்கிறான். கடைசி அடியில், தன் பாதணிகளைக் கழற்றிவிட்டதாகச் சொல்கிறான். அவ்வளவே. அவன் போனானா, நின்றானா என்று பாடலில் இல்லை.

"விளக்கைத் தாழ்த்து எண்டால் என்ன அர்த்தம்?" என்று மாஸ்டர் தொடங்குவார். "வெளிச்சத்தைக் காட்டாதை, அங்கை ஆரோ பாத்துக்கொண்டு நிக்கிறான் எண்டு அர்த்தம். உம்மடை பெஞ்சாதி உமக்கு வராதையுங்கோ எண்டு சொல்லுறா."

"உமக்குப் பௌதிகம் மட்டும்தான் தெரியும், மாஸ்டர். படகாலை இறங்கிறவனுக்குக் காலடி தெரியவேணும். அதுக்குத்தான் தாழ்த்திப் பிடிக்கச் சொல்லுறான். அவனை இறக்கிறதுக்கு ஆயத்தமாய் நிக்கிறாள் அவள்" என்பான் மச்சான்.

"அப்ப சப்பாத்தை ஏன் கழட்டினவன்? செத்தவனுக்குத்தான் சப்பாத்துத் தேவையில்லை."

"கிளாலிக்குப் போய்ப் பாரும். படகுக்குக் கிட்டப் போக முழங்கால் தண்ணிக்குள்ளை நடக்கவேணும். செருப்போடையோ நடப்பீர்? அத்தான், நீங்கள் சொல்லுங்கோ."

கோயிலுக்குள் நுழைபவனும் பாதணியைக் கழற்றுகிறான் என்று நான் சொன்னேன். இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆயினும் என் உள்ளம் மாஸ்டர் பக்கமே சாய்ந்தது. அதற்குக் காரணம் சொற்கள் அல்ல, பாடிய முறை. அந்தக் குரல் கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல் ஆழ்ந்து கனத்து வந்தது. பாட்டிலிருந்த மேளம் பிண ஊர்வலத்துப் பறைபோல் அடிபட்டது. அவ்வாறு பாடுகிறவன் மறுகரையைக் காண்பான் என்று நம்ப இயலவில்லை. மச்சானும் நாளடைவில் வாயளவில் மட்டும் வாதாடிக்கொண்டு, பாட்டு முடியும்போது நிலத்தைப் பார்க்கலானான்.

என் மனைவி அந்தப் பாடலை வெறுத்தாள். தம்பி போய்விடுவான் என்ற பயம் அவளுக்கு. ஒருநாள் மாட்டுக்கு வைக்கோல் போட வந்தவள் எங்கள் நடுவே நின்று கேட்டாள்.

"உந்த வெள்ளைக்காரன் ஒப்பாரி வைக்கிறது உங்களுக்கு விளங்கேல்லையோ? எனக்கு இங்கிலீசு தெரியாது. எண்டாலும் விளங்குது. டேய் தம்பி, அவள் உன்னை வரவேண்டாமெண்டு கும்பிட்டுக் கேக்கிறாள்."

மச்சான் கசற்றைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அடுத்த நாள், பாதை திறக்கும்வரை பொறுத்திருப்பதாக அக்காவிடம் சொன்னான். வீட்டில் எல்லோரும் மூச்சுவிட்டோம்.

பொறுத்திருந்திருப்பான். ஆனால் புத்தூரில் எங்கள் உறவுக்குள் ஒரு கலியாணம் வந்தது. வீடியோ எடுப்பதற்காக மாப்பிள்ளை வீட்டார் எங்கிருந்தோ ஒரு ஜெனரேற்றரை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். தாலிகட்டு முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கிக்காரர் மேசையில் பெரிய கசற் டெக் ஒன்றை வைத்துச் சினிமாப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். மச்சான் சட்டைப்பையிலிருந்து அந்தக் கசற்றை எடுத்து அவரிடம் நீட்டினான்.

"அண்ணை, ஒருக்கா இதைப் போடுங்கோ."

"உதென்ன, பக்திப் பாட்டோ?"

"என்ரை பிள்ளை."

பந்தலின் நான்கு மூலைகளிலும் கட்டியிருந்த ஒலிபெருக்கிகளிலிருந்து அந்தக் குழந்தை சிரித்தது. நாங்கள் கேட்டுப் பழகிய குரலே அல்ல. மெல்லியதாய், கீச்சென்று, குருவிக் குஞ்சின் குரல்போல் இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை இலையில் வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார்கள். அதன்பின் பாடல் வந்தது. நாங்கள் அத்தனை வாரம் துக்கம் காத்த அந்தப் பாடல், துள்ளிக்கொண்டு வந்தது. பாடியவன் இளைஞன். அவன் குரலில் சிரிப்பு இருந்தது. பந்தலிலிருந்த பிள்ளைகள் எழுந்து ஆடத் தொடங்கினார்கள்.

மச்சான் என் தோளைப் பற்றினான்.

"பாத்தியளே அத்தான்? அவன் போறான். சந்தோசமாய்ப் போறான். நாங்கள் எங்கடை கால் சோர்வையல்லோ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறம்!"

திரும்பி வரும் வழியில் மாஸ்டர் சைக்கிளை அவன் பக்கமாக ஓட்டி வந்து சொன்னார்.

"தம்பி, அவசரப்படாதையும். உந்த ஜெனரேற்றர்காரன் மண்ணெண்ணெயிலை ஓடவிட்டவன். அது கூடின வேகத்திலை ஓடியிருக்கலாம். சரியான வேகம் நாங்கள் கேட்டதுக்கும் இதுக்கும் நடுவிலை எங்கேயோ கிடக்கும்."

"பிள்ளையின்ரை சத்தத்தைக் கேட்டனீரோ இல்லையோ?"

"கேட்டனான். ஆனால் எது பிள்ளையின்ரை சத்தமெண்டு உமக்குத் தெரியுமோ?"

மச்சான் சைக்கிளை முன்னால் மிதித்துப் போய்விட்டான். சொற்கள் மாறவில்லையே என்று நானும் எண்ணினேன். நீர் இன்னும் கறுத்துத்தான் இருந்தது. விளக்கு இன்னும் தாழ்ந்துதான் இருந்தது. மாறியது வேகம் மாத்திரம். ஆனால் பிள்ளையின் சிரிப்பை அப்படிக் கேட்டுவிட்ட ஒருவனிடம் இதை எடுத்துரைக்க முயலாமல் நானும் அவன் பின்னால் மிதித்தேன்.

அடுத்த கிழமை அவன் புறப்பட்டான். என் மனைவி அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. நான் சைக்கிளில் கரைவரை கூடப் போனேன். பின்னேர வெயில் இன்னும் இருந்தது. பனைகளுக்கிடையில் சனங்கள் மூட்டைகளோடு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அமர்ந்திருந்தார்கள். இருட்டுமுன் நான் ஊர் திரும்பவேண்டும் என்று அவனே அவசரப்படுத்தினான். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மாஸ்டருக்குச் சொல்லச் சொல்லி அதைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

மறுநாள் சந்தையில் குரல்கள் தாழ்ந்திருந்தன. நீரேரியில் வேட்டுச் சத்தம் கேட்டதாகவும், படகுகள் திசைக்கொன்றாகச் சிதறியதாகவும் சொன்னார்கள். மாஸ்டரும் நானும் கரைக்குப் போனோம். சில படகுகள் அக்கரை சேர்ந்திருந்தன. சில திரும்பியிருந்தன. ஒரு படகைப் பற்றி எவருக்கும் தகவல் இல்லை. அவன் ஏறியது எந்தப் படகு என்று கண்டவர் இல்லை. ஒரு படகோட்டி, மச்சானைப்போல் உயரமான ஒருவர் தன் படகில் ஏற வந்து, இடமில்லையென்று அடுத்ததற்குப் போனார் என்றார். இன்னொரு படகோட்டி, அப்படி எவரும் வரவில்லை என்றார்.

கொழும்பிலிருந்து அவன் மனைவி, அவர் எப்போது வருகிறார் என்று கேட்டுச் செய்தி அனுப்பினாள். அதிலிருந்து அவன் போய்ச் சேரவில்லை என்று அறிந்தோம். இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியை செய்வது பற்றி ஐயரிடம் கேட்கப்போவதாக நான் சொன்னபோது, என் மனைவி என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"எந்தத் திதிக்குச் செய்யப்போறியள்? அவன் செத்ததை ஆர் கண்டது?"

செய்யவில்லை.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டின் தொடக்கத்தில் துப்பாக்கிகள் சில மாதம் ஓய்ந்திருந்தன. நான் அதே நீரேரியைக் கடந்து கொழும்புக்குப் போய் அவளைக் கண்டேன். மெலிந்திருந்தாள். பொட்டு வைத்திருந்தாள். பிள்ளை நிலத்தில் படுத்து, கரித்துண்டால் எதையோ கீறிக்கொண்டிருந்தது. அவன் கடைசி நாட்களைப் பற்றி அவள் கேட்டாள். சொல்லிக்கொண்டு வந்தபோது, அவள் அனுப்பிய பாட்டைப் பற்றியும் சொன்னேன்.

"எந்தப் பாட்டு, அண்ணை?"

பிள்ளையின் குரலுக்குப் பின்னால் வந்ததே, அது என்றேன்.

அவள் நெற்றியைச் சுருக்கினாள். "அது எங்கடை அண்ணையின்ரை மகன் வைச்சிருந்த பழைய கசற். அவன்தான் ரேடியோவிலை பாட்டுப் பிடிக்கிறவன். அதுக்கு மேலைதான் பிள்ளையின்ரை சத்தத்தைப் பிடிச்சனான். பின்னுக்கு என்ன கிடந்ததெண்டு நான் போட்டுப் பாக்கேல்லை."

வெளியே வீதியில் பஸ் ஒன்று போனது. நான் சொன்னதன் பொருள் அவள் முகத்தில் மெல்ல மெல்ல இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவர் அந்தப் பாட்டைக் கேட்டவரோ?"

"கேட்டவன், பிள்ளை."

"கேட்டிட்டு என்ன சொன்னவர்?"

பாட்டுக்கு மாஸ்டர் சொன்ன பொருளும் இருந்தது, என் மனைவி சொன்ன பொருளும் இருந்தது. அவள் கேட்டது அவற்றை அல்ல.

"நீ கூப்பிடுறாய் எண்டு சொன்னவன்."

அவள் தலையைக் குனிந்து, மடியிலிருந்த தன் கைகளைப் பார்த்தாள்.

"ஓம் அண்ணை," என்றாள். "கூப்பிட்டனான்தான்."

பிறகு எழுந்து, பிள்ளையின் கையில் படிந்திருந்த கரியைக் கழுவ அதை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.