சிவகாமியின் காலண்டர் தேர்

இந்தத் தேரைப் பற்றி எழுத எனக்குப் பதினோரு வருஷம் ஆகியிருக்கிறது.

கோடை லீவு வந்தால், வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்கிற கைவேலைகளை வருஷா வருஷம் இந்த வாராந்திரப் பக்கத்தில் எழுதுகிறேன். நுங்கு வண்டி எழுதினேன். ஓலைக் காத்தாடி எழுதினேன். தீப்பெட்டி ரயில்கூட எழுதினேன் — அதைச் செய்து பார்த்து நீங்கள் அனுப்பிய போட்டோக்கள் இன்னும் என் போனில் இருக்கின்றன. ஆனால், எனக்குத் தெரிந்ததிலேயே சுலபமானது காலண்டர் தேர். நாலு வயசுப் பிள்ளையும் செய்யலாம். அதை மட்டும் எழுதவில்லை. ஒவ்வொரு மே மாதமும் பேனாவை எடுப்பேன்... மூடி வைத்துவிடுவேன்.

தேர் செய்வதில் ஒன்றும் கஷ்டமில்லை. அதில் ஒட்டியிருந்த ஒரு தாள்தான் கஷ்டம்.

போன ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் என் தங்கை வள்ளி வீட்டில் விசேஷம். மாடியில் புதிதாக ஒரு போர்ஷன் கட்டிப் பால் காய்ச்சினார்கள். பந்தியில் என் பெரியப்பா மகன், என் தங்கை வீட்டுக்காரர் ராஜேந்திரனைப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்பா, இந்தத் தேதியாவது எல்லாருக்கும் ஒண்ணா சொன்னியா? இல்ல, பாதிப் பேரு அடுத்த ஞாயித்துக்கெழம வந்து நிப்பாங்களா?”

இலைக்கு இலை சிரிப்பு. ராஜேந்திரனும் சிரித்தார். “வந்தா அவுங்களுக்குத் தனியா ஒரு பந்தி போட்டுடலாம் மச்சான்” என்றபடி சாம்பார் வாளியோடு நகர்ந்தார். நானும் சிரித்தேன்.

சிரிக்காத ஒரே ஆள் அவர் மகள் சிவகாமி. பதினாறு வயசு. கை கழுவுகிற இடத்தில் என்னைப் பிடித்துவிட்டாள்.

“மாமா, என் காதுகுத்துக்கு அப்பா நெஜமாவே தேதிய மாத்திச் சொன்னாரா?”

“அதெல்லாம் பழைய கத பாப்பா. விடு.”

“எல்லாரும் கேலி பண்றாங்க, அவரும் சிரிக்கிறாரு. எனக்கே அப்படி ஆயிடுச்சு மாமா. அப்பா பஸ் டைம் சொன்னாக்கூட அம்மாகிட்ட இன்னொரு தடவ கேட்டுக்குறேன்.”

நான் என்ன சொன்னேன் என்கிறீர்கள்? “பாயசம் சாப்ட்டியா?” என்று கேட்டேன்.

கடலூருக்கு பஸ் ஏறினேன். பெற்ற மகள் அப்பாவின் வார்த்தையை இன்னொரு வாயால் சரிபார்த்துக்கொள்கிறாள்... யாரால்? வழி முழுக்க இதுதான். பாடலீஸ்வரர் கோயில் வாசலைத் தாண்டி வீட்டுக்கு நடக்கும்போது, வழக்கமாக வெளியிலிருந்தே ஒரு கும்பிடு போடுவேன். அன்றைக்குக் கை எழவில்லை.

ஆகவே சொல்லிவிடுகிறேன்.

காதுகுத்து என்றால் எங்கள் பக்கம் குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். மாமன் வராமல் ஊசி எடுக்க மாட்டார்கள். சிவகாமிக்கு மூன்றரை வயசு இருக்கும்போது ராஜேந்திரன் போன் செய்தார். “வர்ற வெள்ளிக்கெழம மச்சான். காலையில ஒம்போது மணிக்குள்ள. சின்னதாத்தான் பண்றோம். தங்கச்சி சாந்தி அவுங்க அப்பாவப் பாத்துக்கட்டும், அலைய விடாதீங்க. நீங்க வந்தாப் போதும்.” மறுபடியும் சொன்னார்: “வர்ற வெள்ளி.”

என் மனைவி சாந்தி அப்போது உடம்புக்கு முடியாத அப்பாவைப் பார்க்கக் காடாம்புலியூர் போயிருந்தாள். நான் உடனே தேதி காலண்டரில் மேல் தாள்களைத் தூக்கி, வெள்ளிக்கிழமைத் தாளின் அடிப்பகுதியில் எழுதி வைத்தேன். நல்ல பழக்கம்தானே? ஆனால், முன்னால் இருக்கும் தாள்களைக் கிழித்தால்தானே அந்தத் தாள் கண்ணுக்குத் தெரியும்! வீட்டில் தினமும் கிழிக்கிற ஆள் சாந்தி. அவள் ஊரில் இல்லை. சுவரில் புதன்கிழமையே நின்றுகொண்டிருந்தது.

அப்போது குடிகாடு பக்கம் ஒரு கம்பெனியில் ஆபரேட்டர் வேலை எனக்கு. வியாழக்கிழமை நைட் ஷிப்ட் போனவன், ஆள் வரவில்லை என்று வெள்ளிக்கிழமை பகலும் சேர்த்துப் பார்த்தேன். பிளான்ட்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில்தான் வைக்க வேண்டும். மத்தியானம் வெளியே வந்து எடுத்துப் பார்த்தால் — வள்ளியிடமிருந்தும் ராஜேந்திரனிடமிருந்தும் வரிசையாக மிஸ்டு கால்.

பார்த்த நொடியே ஞாபகம் வந்துவிட்டது. ராஜேந்திரனுக்கு போன் போட்டேன்.

“எங்க மச்சான் இருக்கீங்க? நல்ல நேரம் போயிடுச்சு. பாப்பா பட்டுப்பாவாடையோட தூங்கிடுச்சு...”

மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் தேவை. என் வாயில் வந்தது என்ன தெரியுமா?

“அடுத்த வெள்ளிதானே மாப்ள சொன்னீங்க?”

வர்ற வெள்ளி, அடுத்த வெள்ளி. ஒரு வாரம்தான் வித்தியாசம். சொல்லவில்லை என்று அவர், சொன்னீர்கள் என்று நான் — அதற்காக ஒன்றரை வருஷம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை; காதுகுத்தும் நின்றுபோனது.

வீட்டுக்கு வந்து மூன்று தாளையும் சேர்த்துக் கிழித்தேன். மூன்றாவதில் என் கையெழுத்து. குப்பையில் போட்டிருக்கலாம்... தாளின் மூலையில் குட்டியாக ஒரு பிள்ளையார் படம். அதைக் குப்பையில் போட மனசு வரவில்லை. பொய் சொல்ல வந்த மனசுக்கு இது வரவில்லை, பாருங்கள்! திருநீறு மடிக்க சாந்தி சேர்த்து வைக்கிற தாள்களோடு அதையும் டப்பாவில் சொருகிவிட்டேன்.

இனி தேர்.

சிவகாமிக்கு ஐந்து வயசானபோது, மே மாதம், வள்ளி அவளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். “நீங்க ரெண்டு பேரும் பேசாட்டிப் போங்கண்ணே. அது மாமன் வீட்டுக்கு லீவுக்கு வராம எங்க போவும்?”

முதல் நாளே பாப்பா கேட்டது தேர். சிதம்பரத்துப் பிள்ளை, ஆனி மாசம் வாசலில் தேர் போவதைப் பார்த்து வளர்ந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டுக் கூடம் கிடந்த கிடப்பை இப்போது நினைத்தாலும்... சரி, செய்முறைக்கு வருகிறேன்.

ஒரு செருப்பு டப்பா இருந்தால் — வேண்டாம். “சாமி தேருக்குச் செருப்பு டப்பாவா?” என்று சாந்தி பிடுங்கிப் போட்டுவிட்டாள். சோப்பு அட்டைப்பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். நாலு தண்ணீர் பாட்டில் மூடி, சக்கரத்துக்கு. நடுவில் ஓட்டை போடுகிற வேலை பெரியவர்களுடையது. துடைப்பத்து ஈர்க்குச்சி இரண்டு, அச்சுக்கு. இன்னும் நாலு குச்சியை வளைத்து மேலே சேர்த்துக் கட்டினால் கோபுரம். பழைய தேதித் தாள்களை மஞ்சள் தண்ணீரிலும் குங்குமத் தண்ணீரிலும் தோய்த்துக் கொடியில் காயப்போடுங்கள். காய்ந்ததும் ஓரத்தைப் பிள்ளைகள் கையாலேயே பல் பல்லாக வெட்டச் சொல்லுங்கள். கோணலாகத்தான் வரும். திருத்தாதீர்கள். மைதா பசை தடவி அடுக்கடுக்காக ஒட்டினால் தேர்ச்சீலை. வடத்துக்குப் பூக்கட்டுகிற நூல் போதும்.

பசைக்கு மைதா என்றுதானே சொன்னேன்? அங்கேதான் வினை வந்தது.

சாந்தி கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, ஊரிலிருந்து வந்த பலாப்பழத்தை அரிந்துகொண்டிருந்தாள். பாப்பா டப்பாவிலிருந்து தாளாகப் பொறுக்குகிறாள். எல்.கே.ஜி. முடித்திருந்தாள், தன் பெயரை மட்டும் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். திடீரென்று ஒரு கூச்சல்.

“மாமா! இதுல என் பேரு! சி... வ... கா... மி!”

நான் திரும்புவதற்குள் ஒரு குச்சியால் பலாப் பாலைத் தோண்டித் தாளின் பின்னால் அப்பி, தேரின் முகப்பில் வைத்து அழுத்திவிட்டாள்.

“அடியே, அது புடிச்சா விடாதுடி!” என்றாள் சாந்தி. அவள் கண்ணுக்குத் தெரிந்தது பலாப் பால் மட்டும். என் கண்ணுக்குத் தெரிந்தது எழுத்து. வெள்ளிக்கிழமை என்று அச்சடித்திருந்ததற்குக் கீழே, நீல மையில்: ‘சிவகாமி காதுகுத்து. சிதம்பரம். காலை 9. பட்டு வேட்டி எடுத்துக்கணும்.’

நகத்தால் ஓரத்தைக் கிளப்பினேன். அட்டையோடு வந்தது.

“பிய்க்காத மாமா! இது சிவகாமி அம்மன் தேரு. என் பேருதான் முன்னாடி இருக்கணும்!” அழுகை.

மறுநாள் காலை அவளைக் கூட்டிப்போக அப்பா வருகிறார். தேர் இல்லாமல் அவள் கிளம்ப மாட்டாள். என்ன செய்வது? பாப்பா தூங்கியதும் பழைய மாதக் காலண்டரிலிருந்து நடராஜப் பெருமான் படத்தை வெட்டினேன். மைதா பசை தடவினேன். என் கையெழுத்தை மறைத்து ஒட்டினேன்.

எதை வைத்து எதை மறைத்தேன், கவனித்தீர்களா? அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது.

காலையில் ராஜேந்திரன் வந்தார். கேட்டுக்கு வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். “உள்ள வாங்கண்ணா, ஒரு வாய் தண்ணியாவது...” என்று சாந்தி கூப்பிட்டாள். “பரவால்லம்மா, நேரமாச்சு.” என் பக்கம் திரும்பவே இல்லை.

பாப்பா வடத்தைப் பிடித்துத் தேரை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

“அப்பா, இந்த மாமாவப் பாரேன்! இது அம்மன் தேரு. போய் நடராஜர ஒட்டி வெச்சிருக்காரு! அவருக்குத் தனித் தேரு இருக்குல்ல?”

சிதம்பரத்தில் சாமிக்கு ஒரு தேர், அம்பாளுக்கு ஒரு தேர். ஊருக்கே தெரிந்தது, எனக்கு அந்த நேரம் தோன்றவில்லை.

“என் பேரு உள்ள இருக்குப்பா” என்று படத்தை உரித்தாள். மைதா அரை ஈரத்தில் இருந்தது. வாழைப்பழத் தோல் மாதிரி வந்துவிட்டது.

ராஜேந்திரன் குனிந்து படித்தார். இன்னொரு தரம் படித்தார். வண்டியிலிருந்து இறங்கினார்.

“மாப்ள...” என்றேன்.

பாப்பா தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: “ஒங்க கையெழுத்து நல்லாத்தான் இருக்கு மச்சான்.” பிறகு சாந்தியிடம், “தண்ணி குடும்மா.” ஒன்றரை வருஷம் கழித்து என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். நாலு பலாச்சுளை தின்றார். அந்தத் தாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர்கள் போனதும் சாந்திதான் பேசினாள். “மறந்தீங்க, சரி. பொய் சொன்னீங்க, அதுவும் சரி. சாமி படத்த வெச்சா மறைப்பீங்க?” இரண்டு நாள் எனக்குத் திருநீறு எடுத்துக் கொடுக்கவில்லை.

ஆவணியில் சிதம்பரத்தில் காதுகுத்து. பட்டு வேட்டியோடு முதல் நாளே போய்விட்டேன். பாப்பா என் மடியில். ஆசாரி ஊசியை எடுக்கிறார். யாரோ குரல் கொடுத்தார்கள்: “போன தடவ இந்த மாமன் எங்கப்பா போயிருந்தாரு?”

ராஜேந்திரன் கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: “அவரு மேல என்னா தப்பு? நான்தான் தேதிய மாத்திச் சொல்லிட்டேன்.”

ஊசி இறங்கியது. பாப்பா அலறினாள். அந்த அலறலில் நான் பேசாமல் இருந்துவிட்டேன். தேர் ஊர் போய்ச் சேர்வதற்குள் வண்டியிலேயே நசுங்கிவிட்டதாம்; அதில் தாள் ஒட்டியிருந்தது தெரிந்தது நாலே பேருக்குத்தான். அதில் ஒன்று, மறந்துவிடுகிற வயசுக் குழந்தை.

பந்தி முடிந்து தனியாகப் பிடித்துக் கேட்டேன், “ஏன் மாப்ள அப்படிச் சொன்னீங்க?”

“மடியில பாப்பா இருக்கு மச்சான். அந்த நேரத்துல மாமனத் தலகுனிய வுடலாமா?”

அன்றைக்கு என் தலை குனியவில்லை. பதினோரு வருஷமாக அவருடைய வார்த்தைதான் தலை குனிந்து நிற்கிறது — பந்திக்குப் பந்தி, கேலிக்குக் கேலி. கடைசியில் பெற்ற மகள் முன்னாலும்.

நேற்று அவருக்கு போன் செய்து, இதை எழுதப் போகிறேன் என்றேன்.

“இப்ப எதுக்கு மச்சான்? பிள்ளைங்களுக்குத் தேரு செய்றது எப்படின்னு மட்டும் எழுதி வுடுங்க.”

“பாப்பா என்னக் கேட்டுட்டா மாப்ள.”

“என்னா கேட்டா?”

சொன்னேன். பஸ் டைம் விஷயத்தையும் சொன்னேன். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. “சரி... எழுதுங்க” என்று வைத்துவிட்டார்.

சிவகாமி, இந்தப் பக்கத்தை நீ வாரா வாரம் படிப்பாய் என்று தெரியும். உன் அப்பா தேதியைச் சரியாகத்தான் சொன்னார். வர்ற வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணிக்குள். இரண்டு தடவை சொன்னார். மறந்தவன் நான். பொய் சொன்னவன் நான். இனி அவர் சொல்கிற பஸ் டைமுக்கு அம்மாவிடம் போய் நிற்காதே.

மற்றவர்களுக்கு ஒன்று. தேரை உங்கள் இஷ்டப்படி மாற்றிச் செய்துகொள்ளுங்கள். பெட்டி மாறலாம், கலர் மாறலாம். இந்தக் கதையை மட்டும் யாரிடம் சொன்னாலும் இருக்கிறபடியே சொல்லுங்கள். என் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இதைப் படிக்கிறீர்கள். உங்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். பாவம், நைட் ஷிப்ட் பார்த்த ஆள் என்று எனக்காக ஒரு வார்த்தையைக்கூட மாற்றிவிடாதீர்கள்.

ஏற்கெனவே ஒருத்தர் மாற்றிச் சொல்லிவிட்டார். அது போதும்.