கிணற்றடிக் கிழவர் சொன்னது

கேம் ஆடி ஆடிச் சூடேறிய கைபேசியிலிருந்து கிளம்பிய பிளாஸ்டிக் வாசனை, எருமப்பட்டியில் செல்வியக்கா நடத்திய வீடியோ கேம் கடையை இன்று என்னிடம் கொண்டுவந்து விட்டது. அந்தக் கடையின் சுவர்கூட இப்போது இல்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே ஓடி, ஒரே ஜப்பான் கேசட்டைத் திரும்பத் திரும்ப ஆடுவோம். வாளேந்திய வீரன் வலப்பக்கமாக நடந்துகொண்டே இருப்பான். பக்கத்துப் புல்லெல்லாம் விரைந்தோட, தூரத்து மலை மட்டும், பஸ் ஜன்னலில் கொல்லிமலை வருவதுபோல, மெல்லக் கூடவே வரும். அந்த மலைக்காக எதையும் பொறுத்துக்கொண்டோம். தாவிவிட்டால் அந்தரத்தில் திரும்ப முடியாது, பள்ளத்தில் விழுந்தால் சேர்த்த பலமெல்லாம் போய்விடும், கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். விளையாட்டில் வரும் ஊர்க்காரர்கள் பேசுவது திரையில் ஜப்பான் எழுத்தில் வரும். கல்லாவை விட்டு எழாமலே அக்கா அதை வாசித்துச் சொல்வாள். கிணற்றடிக் கிழவர் முன்னால் போய் நின்றால், "மெதுவா வாங்க சாமி, மலை எங்கயும் போயிராதுங்க" என்பாள். அவளுக்கு அந்த மொழி தெரியும் என்றே நம்பினோம்.

அதே விளையாட்டு இப்போது கைபேசியில், ஆங்கிலத்தில் கிடைக்கிறது. தாவல் இன்றைக்கும் படுமோசம். மலை அப்படியே கூட வந்தது. கிழவரிடம் போய் நின்றேன். 'இங்கே ஒன்றும் இல்லை' என்று மட்டும் சொன்னார்.

இன்னும் ஆங்கிலம் படிக்கத் தெரியாத மகள் தோளில் சாய்ந்து, "அந்தத் தாத்தா என்னங்கப்பா சொல்றாரு?" என்றாள்.

"மெதுவா வாங்க சாமி, மலை எங்கயும் போயிராதுங்கறாரு" என்றேன்.